உத்தியோகமும் உள்ளக்கிடக்கையும்: ஒல்லாந்தர் கால மன்னாரிற் சமய வாக்குமூலம்

ஒருவனை வேலைக்கு அமர்த்துவதற்கு முன்னர் அவனுடைய உள்ளத்தில் இருப்பதை அறிந்துகொள்ள வேண்டுமென்ற ஆவல் ஆட்சியாளருக்கும் முதலாளிகளுக்கும் என்றும் இருந்துவந்துள்ளது. கைத்திறனைச் செய்வித்துப் பார்த்து அறியலாம். எழுத்தறிவை எழுதுவித்துப் பார்த்து அறியலாம். நேர்மையையும் விசுவாசத்தையும் அவ்வாறு அளத்தல் இயலாது. ஆதலின், வேலை தேடி வந்தவனையே வினவி, அவன் கூறும் விடையைப் பதிவுசெய்து, அவ்விடையைக் கொண்டே அவனை ஏற்பதும் தள்ளுவதும் வழக்கமாயிற்று.

இருபதாம் நூற்றாண்டில் ஐக்கிய அமெரிக்காவில் இவ்வாவல் ஓர் இயந்திரத்தின் துணையைப் பெற்றது. 1921இல் கலிபோர்னியாவின் பேர்க்லி நகரப் பொலிஸ் பிரிவைச் சேர்ந்த ஜோன் லார்சன் அமைத்த பொய்யறி கருவி, மூச்சு, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றின் மாறுதல்களைத் தாளில் வரைந்து காட்டியது. குற்றஞ்சாட்டப்பட்டோருக்கென அமைந்த அக்கருவி, சில தசாப்தங்களுக்குள் வங்கிகளிலும் கடைகளிலும் வேலை கேட்டு வந்தவர்களின் மார்பிலும் கையிலும் பூட்டப்படலாயிற்று. 1988இல் அந்நாட்டுக் காங்கிரசு இயற்றிய சட்டம் தனியார் துறையிற் பெரும்பாலான வேலைகளுக்கு இச்சோதனையைத் தடைசெய்தது. அரசாங்க உத்தியோகங்களுக்கு அத்தடை பொருந்தவில்லை. வேலைக்கு ஆட்களைத் தெரிவதற்கு இக்கருவி போதிய நம்பகமுடையதன்று என 2003இல் அந்நாட்டுத் தேசிய ஆய்வுக் கழகத்தின் அறிக்கை முடிவு கூறியது. ஆயினும், 2010இல் நிறைவேறிய சட்டமொன்று எல்லைக் காவற்பணிக்கு விண்ணப்பிப்போர் அனைவருக்கும் அதனைக் கட்டாயமாக்கியது. கருவி பொய்யைக் காண்கின்றதோ இல்லையோ, அது காணும் என்று அஞ்சியவன் தானே வாய் திறக்கின்றான் என்பதே சோதகர்கள் கண்ட பயன். அவ்வாறு வெளிவந்த பழைய குற்றங்கள் வேலை மறுக்கப்படுவதற்கு மட்டுமன்றி, விசாரணைக்கும் வழக்குக்கும் காரணமாகியுள்ளன. வேலையை வேண்டிக் கூறிய விடை, கூறியவனுக்கே எதிரான ஆவணமாக மாறுகின்றது.

இவ்வனுபவம் புதியதன்று. மன்னார்த் தீவிலும், அதற்கெதிரே மாந்தை முதல் அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி வரை நீளும் கரையிலும் வாழ்ந்த மக்கள் இயந்திரம் எதுவுமின்றியே இதனை அனுபவித்தவர்கள். 1658 தொடக்கம் 1795 வரை அப்பகுதியை ஆண்ட ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி, தன் கீழ் உத்தியோகம் வேண்டிய சுதேசிகளிடம் முதலாவதாகக் கேட்டது அவர்களுடைய சமயத்தை. அக்கேள்வி எவ்வாறு கேட்கப்பட்டது, அதற்கு உண்மை கூறியவர்க்கும் பொய் கூறியவர்க்கும் நேர்ந்தது யாது, கேட்ட கம்பனிக்கு இறுதியிற் கிட்டியது யாது என்பன வரலாற்று மாணவர் ஊன்றி நோக்கத்தக்கன.

ஒல்லாந்தர் வருமுன்னரே மன்னார் மக்கள் சமயத்தை வெளியிட்டுக் கூறுவதன் விலையை அறிந்திருந்தனர். பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குருவானவரிடம் ஞானஸ்நானம் பெற்ற ஏறத்தாழ 600 பேர் 1544இல் யாழ்ப்பாண அரசன் சங்கிலியின் ஆணையால் மன்னாரிற் கொல்லப்பட்டனர் என்று திருச்சபை வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அரசியற் காரணங்களும் அக்கொலைக்கு உண்டு. புதிய சமயத்தைத் தழுவியோர் போர்த்துக்கேயரின் குடிகளாகிவிடுவர் என்ற அச்சம் அரசனுக்கு இருந்தது. 1560இல் போர்த்துக்கேயர் தீவைக் கைப்பற்றிக் கோட்டை அமைத்தபின் நிலைமை தலைகீழாயிற்று. கத்தோலிக்கராயிருத்தல் ஆபத்தன்று, ஆதாயம் என்றாயிற்று. உத்தியோகத்தையும் சமயத்தையும் ஒரே முடிச்சில் இட்டவர் ஒல்லாந்தரே என்று கொள்ளுதல் தவறாகும். அம்முடிச்சை இட்டவர் போர்த்துக்கேயர். அதனை ஏட்டிலும் கணக்கிலும் ஏற்றி, ஒழுங்கான நிர்வாக முறையாக்கியவரே ஒல்லாந்தர்.

1658 பெப்ரவரியில் மன்னார்க் கோட்டை ஒல்லாந்தர் வசமாயிற்று. அவ்வாண்டு யூன் மாதத்தில் யாழ்ப்பாணக் கோட்டையும் வீழ்ந்தது. படையுடன் வந்த போதகர் பிலிப்பு பல்தேயஸ் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் சீர்திருத்தத் திருச்சபையை நிலைநாட்டும் பணியை ஏற்றார். போர்த்துக்கேயக் குருமார் வெளியேற்றப்பட்டனர். கத்தோலிக்கக் கோயில்களும் அவற்றை அடுத்திருந்த பள்ளிக்கூடங்களும் கம்பனியின் கைக்கு மாறின. கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுப்போர்க்கு மரணதண்டனை என அவ்வாண்டிலேயே கட்டளை பிறந்தது. கோயிலும் பள்ளியும் பெயரளவில் அவையே. சுரூபங்கள் அகற்றப்பட்ட அதே கட்டடத்தில், முன்னர் செபமாலை சொன்ன அதே பிள்ளைகள், இப்போது வேறொரு வினாவிடையை மனனஞ் செய்தனர்.

இப்புதிய ஏற்பாட்டின் அச்சாணியாக விளங்கியவர் பள்ளிக்கூடச் சட்டம்பியார். அவர் ஆசிரியர் மட்டுமல்லர். போதகர் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளிற் பிரசங்கத்தை வாசிப்பவரும், பிறப்பு, ஞானஸ்நானம், விவாகம், இறப்பு ஆகியவற்றைப் பள்ளித் தோம்பில் எழுதுபவரும் அவரே. தோம்பிற் பெயர் இல்லாதவனுடைய விவாகம் சட்டத்தின் கண்ணில் விவாகமன்று. அவனுடைய பிள்ளைகளின் முதுசொம் உரிமையும் ஐயத்திற்குரியதாகும். தோம்பிற் பெயர் ஏறுவதற்கு ஞானஸ்நானம் வேண்டும். விவாகத்திற்கோ கர்த்தர் கற்பித்த செபம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கற்பனைகள் ஆகியன மனனமாயிருத்தல் வேண்டும். ஆண்டுதோறும் பள்ளிகளைச் சுற்றிப் பார்க்கும் பரிசோதகர் குழுவினர் பிள்ளைகளை எழுப்பி நிறுத்தி இவற்றைச் சொல்வித்துக் கேட்பர். பள்ளிக்கு வராத பிள்ளையின் பெற்றோர்க்குத் தண்டம் உண்டு.

சாதாரண குடிகளிடம் இவ்வளவு வேண்டிய கம்பனி, உத்தியோகம் வேண்டியோரிடம் மேலும் ஒன்றை வேண்டியது. 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்த எமர்சன் ரெனன்ற், ஒல்லாந்தர் காலத்தில் ஞானஸ்நானம் பெற்றுச் சீர்திருத்தத் திருச்சபையின் விசுவாச அறிக்கையிற் கைச்சாத்திடாத எந்தச் சுதேசியும் முதலியார் முதலிய பதவிகளை வகிக்க இயலாதிருந்தது என எழுதியுள்ளார். அவ்வறிக்கை பதினாறாம் நூற்றாண்டிற் சுவிற்சர்லாந்துச் சபைகள் வகுத்தது. அருட்சாதனங்கள் பற்றியும் முன்னியமனம் பற்றியும் ஐரோப்பியப் பண்டிதர் பல்லாண்டு வாதிட்டுத் தீர்த்த அந்நுண்பொருள்களை, மன்னார்க் கடற்கரையில் உப்புக் கணக்கு எழுத விரும்பிய ஒருவன் முற்றும் விளங்கி ஒப்பினான் என்று கம்பனி அதிகாரிகள் தாமும் நம்பியிருக்கமாட்டார்கள். அவர்களுக்கு வேண்டியது விளக்கமன்று, கைச்சாத்து.

இம்முறை இலங்கைக்கென்றே கண்டுபிடிக்கப்பட்டதுமன்று. 1673இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் இயற்றிய சோதனைச் சட்டமும் அரச உத்தியோகம் ஏற்போர் ஆங்கிலத் திருச்சபையின் முறைப்படி இராப்போசனம் பெறல் வேண்டும் என்றும், அப்பமும் இரசமும் பொருளளவில் மாறுகின்றன என்ற கத்தோலிக்கக் கொள்கையை மறுத்து வாக்குக் கொடுத்தல் வேண்டும் என்றும் விதித்தது. கத்தோலிக்கன் எந்தச் சொல்லை வாய்கூசாமற் சொல்ல இயலாதோ அச்சொல்லையே தேர்ந்தெடுத்துச் சொல்லச் சொல்வது அச்சட்டத்தின் உபாயம். மனச்சாட்சி உள்ளவனைப் பிடிப்பதற்கே இவ்வுபாயம் உதவும். மனச்சாட்சி இல்லாதவன் தடையின்றி உள்ளே செல்வான்.

மன்னாரில் உண்மை கூறியவர்க்கு நேர்ந்தது என்ன? தாம் கத்தோலிக்கரே என்று நின்றவர்கள் பதவிகளை இழந்தனர்; அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பதவிக்குரிய வழி அடைபட்டது. சிலர் ஒல்லாந்தர் ஆட்சிக்கு அப்பாலிருந்த காடுகளை நாடினர். மாந்தையிலிருந்த கன்னிமரியாள் சுரூபத்தை எடுத்துக்கொண்டு இருபது குடும்பங்கள் 1670இல் வன்னிக் காட்டிலுள்ள மருதமடுவை அடைந்தன என்பதும், யாழ்ப்பாணத்திலிருந்து ஓடிவந்த கத்தோலிக்கர் எழுநூற்றுவர் அவர்களோடு சேர்ந்தனர் என்பதும் மடுத் திருப்பதியின் மரபுவழி வரலாறு. இன்று இலட்சக்கணக்கானோர் கூடும் அத்திருத்தலம், தம் சமயத்தை மறைக்க மறுத்தோர் தேடிய மறைவிடமாகத் தொடங்கியதாகும்.

குருமார் இன்றி ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழிந்தன. 1687இல் கோவாவைச் சேர்ந்த யோசப் வாஸ் அடிகள் ஏழைக் கூலியாளின் கோலத்தில் இலங்கையிற் கால்வைத்தார். அவர் அக்கோலத்தைத் தேர்ந்தமை கருதத்தக்கது. கம்பனியின் காவலர் கூலியாளை நிறுத்தி அவனுடைய சமயத்தை ஆராய்வதில்லை. உடல் உழைப்பை மட்டும் விற்க வருபவனிடம் உள்ளத்தைப் பற்றிக் கேட்பார் இல்லை. 2015 சனவரியிற் புனிதராக உயர்த்தப்பட்ட அவர், ஆரம்ப ஆண்டுகளில் இரவிலே பூசை நிகழ்த்தியும் பகலிலே மறைந்தும் பணியாற்றினார். பகலில் ஒல்லாந்தப் போதகரின் பிரசங்கத்திற்குச் சென்றவர்களிற் பலர் இரவில் அவருடைய பூசைக்கும் சென்றனர் என்பது வியப்பன்று.

இனி, கம்பனி விரும்பிய விடையைக் கூறியோர் நிலையை நோக்கலாம். இவர்களே பெருந்தொகையினர். உத்தியோகத்தின் பொருட்டும், முதுசொத்தின் பொருட்டும், தண்டத்திற்கு அஞ்சியும் இவர்கள் தோம்பிற் பெயர் பதிந்தனர். தோம்பில் ஒரு பெயரும் வீட்டில் ஒரு பெயருமாக வாழ்ந்தனர். இந்துக்களின் நிலையும் இதுவே. விரத நாளில் உண்ட வாழையிலையை வெளியில் எறியாது கூரைக்குள் செருகி மறைத்தனர் என்று யாழ்ப்பாணத்தில் அந்நியர் ஆட்சிக்காலம் பற்றி வழங்கும் செவிவழிச் செய்தி பலரும் அறிந்ததே. இவ்வாறு செய்தோரைக் கோழைகள் என்றும் நயவஞ்சகர் என்றும் பிற்காலத்து எழுத்தாளர் சிலர் இகழ்ந்துள்ளனர். அத்தீர்ப்பு நேர்மையானதன்று. கேட்கப்பட்ட கேள்வியே நேர்மையற்றதாயிருந்தது. பிள்ளைக்குச் சோறும் பெண்ணுக்குச் சீதனமும் ஒரு சொல்லில் தங்கியிருக்கையில் அச்சொல்லைக் கூறியவனைக் காட்டிலும் கூறுவித்தவனே விடை சொல்லக் கடமைப்பட்டவன்.

ஆனால் பொய் கூறித் தப்பியவன் உண்மையில் தப்பினானா என்பது வேறு கேள்வி. கிறித்தவர் எனத் தம்மைப் பதிந்தோர் பிற சமயச் சடங்குகளிற் பங்குகொண்டால் பகிரங்கச் சவுக்கடியும் ஓராண்டு விலங்கிட்ட சிறையும் தண்டனை என 1711இல் கம்பனி பிரகடனஞ் செய்தது. இக்கட்டளையின் தருக்கம் நுணுகி நோக்கற்பாலது. ஞானஸ்நானம் பெறாத ஒருவன் தன் தெய்வத்திற்குப் பொங்கலிட்டால் இவ்விதி அவனைத் தொடாது. உத்தியோகத்திற்கென ஞானஸ்நானம் பெற்ற அவன் அயலவன் அதே பொங்கலிட்டாற் குற்றவாளி. செயல் ஒன்றே, முன்னர் கொடுத்த வாக்குமூலமே அதனைக் குற்றமாக்கிற்று. ஆக, வேலை பெறுவதற்கெனக் கூறிய சொல், வேலை பெற்றபின்னும் அவனைத் தொடர்ந்து, வீட்டு வாசல் வரையும் சென்று, அவனுடைய அடுக்களையையும் பூசையறையையும் குற்றம் நிகழும் இடங்களாக மாற்றியது. தோம்பு எழுதிய சட்டம்பியாரும் அதே ஊரவர், பெரும்பாலும் அதே நிலையினர். அவருடைய கையில் அயலவர் ஒவ்வொருவரின் பொய்யும் எழுத்தில் இருந்தது. அவருடைய பொய்யை அயலவர் அறிந்திருந்தனர். ஊர் முழுவதும் ஒருவரையொருவர் காட்டிக்கொடாமல் இருப்பதாலேயே நிலைத்த ஓர் அமைதி அது.

கேட்ட கம்பனிக்குக் கிட்டியது யாது? இதற்கு விடையாக அமையும் புள்ளிவிவரம் ஒன்றை ரெனன்ற் தமது நூலிற் பாதுகாத்துள்ளார். 1760ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணப் பகுதியிற் கிறித்தவராகப் பதிவு பெற்றிருந்தோர் 182,226 பேர். அவர்களுள் இராப்போசனத்தில் அமரும் முழு அங்கத்தவராயிருந்தோர் 64 பேர். மன்னாரிற் பதிவு பெற்றிருந்தோர் 9,820 பேர். இராப்போசனத்தில் அமர்ந்தோர் 5 பேர்.

இவ்வெண்கள் முழுவதையும் வஞ்சகத்தின் அளவாகக் கொள்ளுதல் பொருந்தாது. போதகர் தொகை மிகக் குறைவு. அவர்களுள் தமிழ் அறிந்தோர் அதனினும் குறைவு. அக்குறையை நீக்கவே 1690இல் நல்லூரிற் செமினரி ஒன்று நிறுவப்பட்டது. இராப்போசனத்திற்கு அனுமதிக்குமுன் போதகர் நேரிற் பரிசோதித்தல் சீர்திருத்தத் திருச்சபையின் வழக்கமாதலால், போதகர் எப்போதாவது வந்துசென்ற மன்னாரில் அத்தொகை சிறிதாயிருந்ததில் வியப்பில்லை. இவையெல்லாம் கழித்துப் பார்த்தாலும், ஓரிடத்தில் 9,820 என்ற எண்ணும் 5 என்ற எண்ணும் ஒன்றையொன்று நோக்கி நிற்பது சாதாரண காட்சியன்று. முதலாவது எண் உத்தியோகமும் சொத்தும் தண்டமும் சேர்ந்து பெற்ற விடை. இரண்டாவது எண்ணுக்கு அவ்வாறான கூலி எதுவும் இல்லை. இராப்போசனத்தில் அமர்ந்தவனுக்குக் கூடுதலாகப் பதவி கிட்டாது, அமராதவனுக்குத் தண்டமும் இல்லை. ஆகவே கம்பனி உண்மையை அறிந்த இடம் இரண்டாவது எண் மட்டுமே எனலாம். நூறாண்டு காலம் பள்ளிகளையும் பரிசோதகரையும் வைத்து, தோம்பின் மேல் தோம்பாக எழுதிக் குவித்தபின், தன் குடிகள் உண்மையில் யார் என்பதை அறியாத ஆட்சியாக அது இருந்தது. இந்நிலையைப் போதகர்கள் அறியாதவர்களல்லர். பெயரளவுக் கிறித்தவர் பற்றிய முறைப்பாடு அவர்களுடைய கடிதங்களில் மீண்டும் மீண்டும் வருகின்றது. நோய் காணப்பட்டது, கேள்வியைக் கைவிடுவதே மருந்து என்பது மட்டும் எவருக்கும் தோன்றவில்லை போலும்.

இதே கரையில், இதே கம்பனி, சமயத்தைப் பொருட்படுத்தாது ஆயிரக்கணக்கானோரைத் தொழிலில் அமர்த்திய களமும் ஒன்றிருந்தது. அரிப்புக்கு மேற்கே கடலின் அடியிலுள்ள பார்களில் முத்துக்குளிப்பு நிகழ்ந்த காலங்களில், தூத்துக்குடிப் பகுதியிலிருந்து கத்தோலிக்கப் பரதவரும், கீழக்கரைப் பகுதியிலிருந்து முஸ்லிம்களும், இந்துக்களான பிற குளிகாரரும் வந்து கூடினர். 1658இல் தூத்துக்குடியைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் பரதவரைத் தம் சபைக்கு இழுக்க முயன்று தோற்றனர்; பல்தேயஸ் அத்தோல்விக்குச் சாட்சி. ஆயினும் அவர்களுடைய தோணிகள் முத்துப் பாருக்கு வருவதை எவரும் தடுக்கவில்லை. தடுத்தால் முத்து எடுப்பார் இல்லை. குளிகாரர் கிறித்தவர், இந்துக்கள், முஸ்லிம்கள் எனப் பிரித்து எழுதப்பட்டனர் என்பது உண்மை. அப்பிரிவு கற்களின் கணக்கிற்கும் தீர்வைக்கும் உதவியதன்றி, கடலில் இறங்குவதற்குத் தடையாகவில்லை. ஒரு மூச்சில் எத்தனை பாகம் ஆழம் செல்வான் என்பதே அங்குச் சோதனை. எழுதுகோல் பிடிப்பவனிடம் விசுவாச அறிக்கையும், கல்லைக் காலிற் கட்டிக் கடலில் இறங்குபவனிடம் மூச்சும் கேட்கப்பட்டமை, இச்சமயச் சோதனை எந்த அளவுக்குச் சமயம் பற்றியது என்ற ஐயத்தை எழுப்புகின்றது. அதிகாரத்தில் ஒரு பங்கு கிடைக்கக்கூடிய இடங்களிலேதான் அது கடுமையாயிருந்தது.

முத்துக்குளிப்பிலே நம்பிக்கை தொடர்பான வேடிக்கை ஒன்றும் உண்டு. சுறாமீன் குளிகாரரைத் தீண்டாதவாறு மந்திரத்தாற் கடலைக் கட்டுபவர் கரையில் இருந்தாலன்றிக் குளிகாரர் இறங்கார். கடற்கட்டி எனப்பட்ட அவருக்கு அரசாங்கமே ஊதியம் கொடுத்தது. இத்தொழில் ஒரு குடும்பத்தின் பரம்பரை உரிமை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அக்குடும்பத்தின் தலைவராயிருந்தவர் கத்தோலிக்கர் என்றும், மந்திரிப்பவரின் சமயம் மந்திரத்தின் வலிமையைக் குறைப்பதாக எவரும் கருதவில்லை என்றும் ரெனன்ற் தமது மற்றொரு நூலிற் குறிப்பிடுகிறார். விசுவாச அறிக்கை கேட்டுக் கணக்கப்பிள்ளையை நியமித்த கரையில், எவ்வித அறிக்கையும் கேளாமல் நியமிக்கப்பட்ட ஒரே சமயத் தொழிலாளர் இவராகலாம்.

குளிகாரரின் உள்ளத்தைக் கேளாதவர்கள் அவர்களுடைய வயிற்றைக் கேட்டனர் என்பதையும் சொல்லவேண்டும். ஆங்கிலேயப் படையதிகாரி றொபேட் பேர்சிவல் 1803இல் வெளியிட்ட நூலில், முத்தை விழுங்கினான் என்று ஐயுறப்பட்டவனைப் பிடித்து வைத்து, வாந்திக்கும் பேதிக்கும் மருந்து கொடுத்துச் சோதிக்கும் வழக்கத்தை விவரிக்கிறார். கொடிய முறையே. எனினும் தோம்புச் சோதனையோடு ஒப்பிடுகையில் ஒரு வேறுபாடு புலனாகும். இங்கு ஐயம் வேலையின் நடுவே எழுந்தது. தேடப்பட்டது ஒரு பொருள். முத்து இருந்தால் வெளிப்படும், இல்லையேல் இல்லை. விசுவாசத்திற்கு அவ்வாறான பேதி மருந்து கிடையாது.

1795 ஒக்டோபரில் மன்னார்க் கோட்டை ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. முதல் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் முத்துக்குளிப்பில் நாட்டங் கொண்டு அரிப்புக் கரையில் மாளிகை ஒன்றையே எழுப்பினார். இடிந்து கடலோரம் நிற்கும் அதன் சுவர்களை இன்றும் காணலாம். சமயக் கட்டுப்பாடுகளை நீக்கியவர் அவருக்குப்பின் வந்த தோமஸ் மெயிற்லண்ட். 1806இல் அவர் பிறப்பித்த விதி கத்தோலிக்கர் தம் சமயத்தைத் தடையின்றி அனுட்டிக்கவும் குடியியல் உரிமைகள் யாவற்றையும் பெறவும் வழிசெய்தது. இங்கிலாந்திலேயே சோதனைச் சட்டம் நீங்கியது 1828இல். கத்தோலிக்கர் பாராளுமன்றத்தில் அமர உரிமை பெற்றது 1829இல். மன்னார்க் கத்தோலிக்கன் இலண்டன் கத்தோலிக்கனுக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் முந்திவிட்டான். இது ஆங்கிலேயரின் பெருந்தன்மையை மட்டும் காட்டுவதாகக் கொள்ளவேண்டியதில்லை. தொலைவிலுள்ள குடியேற்ற நாட்டில், எண்ணிக்கையில் மிக்க கத்தோலிக்கரைப் பகைத்து ஆள்வதாற் பயன் இல்லை என்பதை மெயிற்லண்ட் நன்கறிந்திருந்தார்.

விளைவு விரைந்து வந்தது. 1801இல் இலங்கையிற் சீர்திருத்தத் திருச்சபையினர் எனக் கணக்கிடப்பட்ட சுதேசிகள் 342,000 பேருக்கு மேல். 1810இல் அத்தொகை பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. 1806இல் யாழ்ப்பாணத்தைப் பார்வையிட்ட குளோடியஸ் புக்கனன், அங்குப் புரட்டஸ்தாந்து சமயம் மறைந்தே போயிற்று என்று வருந்தினார். மிசனரி எழுத்தாளர் இதனைப் பெருந்திரளான சமயத் துரோகமாகக் கண்டனர். ஒல்லாந்தர் பதிவேட்டை உண்மையெனக் கொண்டாலன்றி அம்முடிபு நிற்காது. எவரும் எதையும் விட்டு விலகவில்லை. கேள்வியின் மேல் இருந்த கூலி நீங்கியதும் விடையும் நீங்கிற்று. நூற்றைம்பது ஆண்டுகளிற் செய்யப்பட்ட கணக்கெடுப்புகளுள் முதன்முதல் ஓரளவு செம்மையானது அந்த வீழ்ச்சியே.

பின்னாளைய சட்டம் இவ்வுண்மையை ஒரு துறையில் ஏற்றுக்கொண்டது. 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சாட்சிக் கட்டளைச் சட்டத்தின் 24ஆம் பிரிவின்படி, அதிகாரத்திலுள்ள ஒருவர் காட்டிய ஆசையாலோ அச்சுறுத்தலாலோ வாக்குறுதியாலோ பெறப்பட்ட குற்ற ஒப்புதல், குற்றஞ்சாட்டப்பட்டவனுக்கு எதிராகச் செல்லாது. இந்தியாவிலும் 1872ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வாறே விதித்தது. 2010இல் இந்திய உயர் நீதிமன்றம், ஒருவரது சம்மதமின்றிப் பொய்யறி சோதனைக்கு உட்படுத்துதல் அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. ஆனால் இவை யாவும் குற்றவிசாரணைக்குரியன. வேலை கேட்டு மேசைக்கு முன் நிற்பவன் குற்றஞ்சாட்டப்பட்டவனல்லன். ஆதலாற் குற்றஞ்சாட்டப்பட்டவனுக்குள்ள இக்காவல் அவனுக்கில்லை. அவன் மனமுவந்து சோதனைக்கு வருகிறான் என்பது சட்டத்தின் கொள்கை. மன்னாரில் தோம்பிற் கைச்சாத்திட்டவனும் மனமுவந்தே இட்டான் என்றுதான் கம்பனியின் ஏடுகள் கூறுகின்றன.

ஒல்லாந்தர் தோம்புகள் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் கூடத்திற் பேணப்பட்டு வருகின்றன. குடிப்பெயர், காணி, உறவுமுறை ஆகியவற்றை ஆராய்வோர்க்கு அவற்றிற்கு இணையான மூலம் வேறில்லை. காணியின் பரப்பையும் பிள்ளைகளின் வயதையும் பற்றி அவை கூறுவனவற்றைப் பிற சான்றுகளோடு ஒப்பிட்டு ஏற்கலாம். சமயம் பற்றி அவை கூறுவனவற்றை வேறு கண்கொண்டு வாசித்தல் வேண்டும். அங்கு எழுதப்பட்டிருப்பது ஒருவன் எதை நம்பினான் என்பதன்று. எதைச் சொன்னால் வாழலாம் என்று அறிந்திருந்தான் என்பதே. அதுவும் வரலாற்றுச் சான்றுதான், வேறொரு பொருளுக்கு.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் மன்னார் மாவட்டத்து மக்கள் தம் சமயத்தைக் கூறியபோது அவ்விடையில் எவருடைய உத்தியோகமும் தங்கியிருக்கவில்லை. போரின் இடப்பெயர்வுகளும், 1990இல் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் ஒரு பகுதியினரே மீண்டிருந்தமையும் அக்கணக்கைப் பாதித்துள்ளன. அவற்றை மனங்கொண்டு நோக்கினும், மாவட்டத்து மக்களிற் பாதிக்கு மேற்பட்டோர் உரோமன் கத்தோலிக்கர் எனத் தம்மைப் பதிந்திருந்தனர்.